வயதைக் கேட்கும் சட்டமும் வயது பாராத வியாதியும்

கோயமுத்தூர் நகரத்தில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அம்மனுக்கு இப்படியும் ஒரு பெயர் உண்டா என்று வியப்பார்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகரைப் பிளேக் நோய் பலமுறை சூறையாடிற்று. வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே சாளைகளில் போய்த் தங்கிய ஜனங்கள், தங்கள் அச்சத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே கொண்டுபோய் வைத்த இடங்கள் அவை. ஆனால் நம் முன்னோர்கள் கும்பிட்டதோடு நின்றுவிடவில்லை. நெருக்கமான தெருக்களே நோய்க்கு இருப்பிடம் என்று கண்ட நகரசபையார் விசாலமான வீதிகளுடன் ஊரை விஸ்தரித்தனர், இன்று ஆர். எஸ். புரம் என்று நாம் அழைக்கும் பகுதி அவ்வாறு எழுந்ததே. பின்னர் 1939-ஆம் ஆண்டில் ராஜாஜி மந்திரிசபையின் காலத்தில், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருக்கையில், சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் இத்தகைய விரிவான சட்டம் அதுவே முதலாவது. குறிப்பிட்ட தொற்றுநோய் ஒன்றைக் காணும் வைத்தியர் அதை அதிகாரிகளுக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நோயைக் கண்டுபிடிப்பது வைத்தியரின் தயவு அன்று, அவருடைய கடமை என்னும் கொள்கை அன்று நம் மாகாணத்தில் வேரூன்றிற்று.

அந்தக் கொள்கையை இன்று வேறொரு வியாதியின் விஷயத்தில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இந்த வியாதி வருமுன் எலிகள் செத்து விழுவதில்லை. தெருவில் ஓலம் எழுவதில்லை. வெளியே சொல்ல நாணும் இடத்தில், நாணும் விதத்தில், ஓசையின்றி வளர்கிறது. பெருங்குடலிலும் மலக்குடலிலும் உண்டாகும் புற்றுநோயையே குறிப்பிடுகிறோம். அது முதியோருக்கே உரிய வியாதி என்று எண்ணப்பட்டு வந்தது. முப்பதும் நாற்பதும் வயதானவர்களை அது பற்றுவது பல தேசங்களில் அதிகரித்து வருகிறது என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. இதற்குச் சட்டம் என்ன செய்யக்கூடும் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

மூலம் என்னும் முகமூடி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்யும் முப்பத்து நான்கு வயது வாலிபர் ஒருவரை நேயர்கள் மனத்தில் கற்பனை செய்துகொள்ளட்டும். மலத்தோடு ரத்தம் போகிறது. அவர் அதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. பஸ் நிலையத்துச் சுவரில் மூலம், பௌத்திரம் என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டால் மூலத்துக்கு ஒரு களிம்பும் ஒரு பொட்டலமும் தருகிறார்கள். சில நாள் குறைகிறது, மறுபடியும் வருகிறது. காரம் சாப்பிட்டதால் என்கிறார் ஒருவர். நாள் முழுதும் உட்கார்ந்து தைப்பதால் உண்டான உஷ்ணம் என்கிறார் மற்றொருவர். உடல் இளைக்கிறது, சோகை தட்டுகிறது. ஓவர்டைம் வேலையே காரணம் என்று வீட்டார் எண்ணுகிறார்கள். ஓராண்டுக்குப் பின் குடல் அடைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும்போது, நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார்.

இந்த வாலிபருக்கு நாம் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கக்கூடியவர்கள் நேயர்களின் ஊர்களிலேயே இருக்கக்கூடும். இவ்வாறு பிந்திப்போவதால் நேரும் நஷ்டம் எவ்வளவு என்பதை ஒரு கணக்கு காட்டும். நோய் குடலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிரோடிருக்கிறார்கள் என்றும், தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டால் அவ்வெண்ணிக்கை ஏறக்குறையப் பதினைந்தாக வீழ்கிறது என்றும் அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் கூறுகின்றன. வியாதியும் ஒன்றே, மருந்தும் ஒன்றே, காலம்தான் வேறு.

அன்றியும் இந்நோய்க்கு மற்றொரு விசேஷம் உண்டு. இது பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் ஒரு சிறு முளையாகத் தொடங்குகிறது. அம்முளை புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள், பத்து ஆண்டுகள்கூட, ஆகின்றன. கொலனாஸ்கோபி என்னும் குழாய்ப் பரிசோதனையில் அம்முளையைக் கண்ட கணமே அறுத்து எடுத்துவிடலாம். நோயை முன்னதாகக் கண்டுபிடிப்பது மட்டுமல்ல, நோயே வராமல் தடுப்பதும் இங்கே கைகூடும். இத்தகைய வாய்ப்பு எல்லாப் புற்றுநோய்களிலும் கிடைப்பதன்று.

நம் தேசத்தின் நிலை என்ன? உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2022-ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பின்படி, உலகமெங்கும் அவ்வாண்டில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். சுமார் 9 லட்சம் பேர் மாண்டனர். இந்தியாவில் புதிதாக நோயுற்றோர் ஏறக்குறைய 70,000 பேர். ஜனத்தொகை விகிதத்தில் பார்த்தால் இது மேல்நாடுகளைவிட மிகக் குறைவு என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் மும்பை டாடா ஆஸ்பத்திரியார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கு வந்த இந்நோயாளிகளின் சராசரி வயது 47 என்று காணப்படுகிறது. அமெரிக்காவிலோ பாதி நோயாளிகள் 66 வயதுக்கு மேற்பட்டவர்கள். நம் தேசத்தில் வாலிபர்களின் தொகை அதிகமாதலால் சராசரி குறைவாகவே தோன்றும் என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆயினும் காரணம் எதுவாயினும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பவர் குடும்பத்தைத் தாங்கும் வயதினர் என்ற உண்மை மாறுவதில்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் நாடிச் செல்லும் ஏற்பாடு எதுவும் இவர்களைத் தொடாது.

ஒரு தங்கையின் மரணம்

சட்டசபைக்கும் இந்நோய்க்கும் தமிழ்நாட்டில் ஒரு பழைய தொடர்பு உண்டு. டாக்டர் ஸ்ரீமதி முத்துலட்சுமி ரெட்டியை அறியாத தமிழர் இல்லை. 1927-இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, அதன் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மகாத்மா காந்தி சிறை செய்யப்பட்டபோது அதைக் கண்டித்து 1930-இல் அப்பதவியைத் துறந்தவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் எடுத்த முயற்சி 1947-இல்தான் சட்டமாகக் கனிந்தது. இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் வரலாறு. ஆனால் அவர் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி காண ஏன் பாடுபட்டார் என்பதைப் பலர் அறியார்.

அவருடைய தங்கை இளம் வயதிலேயே மலக்குடல் புற்றுநோயால் மாண்டார். தமக்கையோ சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர்; இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரமே அவரை இத்துறைக்கு இழுத்தது. லண்டனுக்குச் சென்றிருந்தபோது அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியின் வேலையைக் கண்டறிந்தார். சென்னையில் அத்தகைய ஸ்தாபனம் வேண்டும் என்று 1935-இல் பகிரங்கமாகக் கேட்டார். 1952-இல் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிற்று. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே ஏறக்குறைய இருபது ஆண்டுகள். இன்று இந்தியா முழுவதும் மதிக்கும் அந்நிலையத்தின் மூலக்கல்லுக்கு அடியில் ஒரு இளம்பெண்ணின் மலக்குடல் புற்று இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே இளம் வயதில் இந்நோய் வருவது மேல்நாட்டிலிருந்து நேற்று இறக்குமதியான புதுச் சரக்கு என்று எவரும் கூறவேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. அன்று அதைக் கண்டுபிடிக்கும் கருவிகள் அரிதாக இருந்தன. இன்று கருவிகள் இருக்கின்றன, வழி இல்லை.

அயல்நாட்டார் செய்தவை

பிற தேசத்தார் சட்டத்தை எவ்வாறு ஆண்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம். ஜப்பான் 1992 முதலே நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைக் காட்டும் சோதனையைச் சட்டபூர்வமாக நடத்தி வருகிறது. 2006-இல் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுக்கெனத் தனிச் சட்டமே இயற்றிற்று. ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து இலவசச் சோதனைக்குரிய வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தது.

அமெரிக்காவின் அநுபவம் வழக்கறிஞர்களுக்கு விசேஷமான பாடம். அங்கே நோய்த்தடுப்பு நிபுணர் குழு ஒன்று 2021 மே மாதத்தில், சோதனையை 45 வயதிலேயே தொடங்கவேண்டும் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு வெறும் காகிதமாக நிற்கவில்லை. ஏனெனில் அக்குழு இவ்வாறு சிபாரிசு செய்யும் சோதனைகளுக்குக் காப்பீட்டுக் கம்பெனிகள் நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று 2010-இல் நிறைவேறிய சுகாதாரச் சட்டம் முன்னரே விதித்திருந்தது. டாக்டர்கள் வயதை மாற்றினர். சட்டம் பணப்பையைத் திறந்தது.

ஆனால் அங்கும் ஓர் ஓட்டை இருந்தது. முதியோர் காப்பீட்டில் இலவசமாகத் தொடங்கிய கொலனாஸ்கோபியில் முளை அகப்பட்டு அதை அறுத்துவிட்டால், அது சோதனை அன்று, சிகிச்சை என்று கணக்கெழுதி, நோயாளியிடம் ஒரு பங்கு கேட்டார்கள். எதைத் தேடிப் போனார்களோ அது கிடைத்ததற்கே அபராதம்! 2020 டிசம்பரில் தனிச் சட்டம் செய்து, 2030-க்குள் படிப்படியாக அப்பங்கை நீக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சட்டத்தின் ஒரு சொல் எத்தனை பேரை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எனினும் இந்தச் சட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை யாவும் முதலில் வயதைக் கேட்கின்றன. அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மன் 2016-இல் இந்நோய் கண்டு, 2020-இல் 43-வது வயதில் காலமானார். அவர் இறந்த மறு ஆண்டில் குறைக்கப்பட்ட 45 என்னும் வரம்புகூட அவரைத் தொட்டிராது. ஜப்பானின் நாற்பது, நாம் மேலே கற்பனை செய்த திருப்பூர் வாலிபரைத் தொடாது. முத்துலட்சுமி அம்மையாரின் தங்கையை இவற்றில் எதுவுமே தொட்டிராது. கோட்டை எங்கே கிழித்தாலும் கோட்டுக்கு அப்பால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

அப்படியானால் வழி என்ன? வயது சொல்லாததை உடல் சொல்கிறது. 2023-இல் செயிண்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையார், ஐம்பது வயதுக்குமுன் இந்நோய் கண்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்தனர். வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், நீடித்த பேதி, இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை ஆகிய நான்கும், நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை முன்னதாகவே பலரிடம் தோன்றியிருந்தன. உடல் சாட்சி சொல்லியிருக்கிறது, கேட்பாரில்லை. இங்கிலாந்தில் 2023-இல் வெளியான வைத்திய வழிகாட்டி விதிகள் இந்தச் சாட்சியைக் கேட்கின்றன. ஐம்பது வயதுக்குக் குறைந்தவராயினும், மலத்தில் ரத்தத்தோடு காரணம் தெரியாத வயிற்றுவலியோ உடல் இளைப்போ இருந்தால், முதலில் பார்க்கும் டாக்டரே மலச்சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று அவை கூறுகின்றன. நம் மாகாணத்துக்கு உகந்த பாதை இதுவே என்பது நமது அபிப்பிராயம்.

நம்மிடம் உள்ளதும் இல்லாததும்

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023-இல் புற்றுநோயைத் தேடிச் சென்று சோதிக்கும் ஏற்பாடு நான்கு ஜில்லாக்களில் தொடங்கியபோது, நம் ஈரோடும் அவற்றில் ஒன்றாக இருந்தது. பின்னர் அது மற்ற ஜில்லாக்களுக்கும் விரிந்திருக்கிறது. ஆனால் அதில் தேடப்படுபவை வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றின் புற்றுநோய்களே. மத்திய சர்க்காரின் தேசியத் திட்டமும் முப்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் இந்த மூன்றையே தேடுகிறது. இம்மூன்றும் நம் தேசத்தில் அதிகமாகையால் அவற்றுக்கு முதலிடம் கொடுத்தது சரியே. பெருங்குடலுக்கு இடமே இல்லாமற் போனதுதான் சரியன்று.

சட்டம் என்று பார்த்தால் புதிதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. பார்லிமெண்டு 2020-இல் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவசமாக உடற்பரிசோதனை செய்விப்பது முதலாளியின் கடமை என்று அதன்கீழ் அறிவிக்கப்பட்டிருக்கிறது. கோயமுத்தூர் வார்ப்படச் சாலைகளும் பம்ப் தொழிற்சாலைகளும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளும், ஈரோட்டுச் சாயப்பட்டறைகளும் நிறைந்த நம் நாட்டுக்கு இது மிகவும் முக்கியமான விதி. ஆனால் இச்சட்டம் பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கே உரியது. சோமனூரிலும் பல்லடத்திலும் நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு ஓடும் விசைத்தறிக் கூடங்கள் எத்தனை! அவர்களுக்கு இந்த வாசல் இல்லை. நாற்பதுக்குக் குறைந்தவர்களுக்கும் இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்குப் பெரிய துணை. நோய் உறுதியான பின் அறுவைச் சிகிச்சைக்கும் மற்றவைகளுக்கும் அது கை கொடுக்கிறது. ஆனால் பொதுவாக நம் தேசத்துக் காப்பீடுகள் படுக்கையில் படுத்தவருக்கே பணம் தருகின்றன. நடந்து வந்து, எனக்கு நோய் இருக்கிறதா என்று கேட்பவர் தம் சட்டைப்பையையே தடவிப் பார்க்கவேண்டியிருக்கிறது. நோய் முற்றினால் லட்சங்கள். முற்றாமல் தடுக்கச் சில நூறுகூட இல்லை என்பது கணக்குத் தெரிந்த கொங்கு நாட்டாருக்கு எளிதில் விளங்கும் முரண்பாடு.

நமது யோசனை

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாகாணங்களுக்கு விடப்பட்ட அதிகாரங்கள். டில்லியின் அநுமதிக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ராஜஸ்தான் 2023-இல் சுகாதார உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி வழிகாட்டியிருக்கிறது. 1939-இல் தேசத்துக்கே முன்னோடியாக நின்ற நம் சட்டசபை, இப்போது சிறிய மசோதா ஒன்றைக் கொண்டுவருவது அரிய காரியமல்ல. அதில் நான்கு ஷரத்துகள் இருந்தால் போதும்.

முதலாவது, அறிகுறியின் உரிமை. பதினெட்டு வயது நிரம்பிய எவரும் மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணம் தெரியாத சோகை, உடல் இளைப்பு ஆகியவற்றில் ஒன்றைச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், அவரைப் பரிசோதிக்காமல் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பக்கூடாது. டாக்டர் விரலால் சோதிக்கவேண்டும். மலச்சோதனை இலவசமாகச் செய்யவேண்டும். சீட்டில் அதை எழுதவேண்டும். சோதனையில் ரத்தம் காணப்பட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குள் கொலனாஸ்கோபி செய்யவேண்டும். சோதனையில் காணாவிட்டாலும் தொந்தரவு நீடித்தால் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ஏனெனில் மலச்சோதனை சிலரைத் தவறவிடுவதும் உண்டு. மூலமும் புற்றும் ஒரே உடலில் இருப்பதும் உண்டு.

இரண்டாவது, குடும்பத்தின் உரிமை. இந்நோயில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால், நாற்பது வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது சோதனை தொடங்கவேண்டும் என்பது வைத்தியர்களின் வழக்கமான விதி. ஒருவருக்கு நோய் உறுதியானதும், அவர் சம்மதத்தோடு அவருடைய மக்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் செய்தி சொல்லி, இலவசச் சோதனைக்குச் சீட்டுக் கொடுப்பதை ஆஸ்பத்திரியின் கடமையாக்க வேண்டும். பங்காளிகளையும் மாமன் மச்சான்களையும் ஒருவர் விடாமல் எண்ணி அழைத்துக் கல்யாணம் செய்யும் நாடு இது. நோய்ச் செய்தியை மட்டும் சொந்தத்தாரிடம் மறைப்பது நமக்கு அழகன்று.

மூன்றாவது, தொழிலாளியின் உரிமை. ஆண்டுப் பரிசோதனையில் மலச்சோதனையையும் சேர்க்கவேண்டும். சிறு கூடங்களின் தொழிலாளருக்குச் சர்க்காரே அதைச் செய்யவேண்டும். சோதனைக்குச் சென்ற நாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது. முடிவை முதலாளிக்குச் சொல்லக்கூடாது. அதைக் காட்டி வேலையிலிருந்து நீக்கக்கூடாது. இந்தக் காப்பு இல்லாவிட்டால் எந்தத் தொழிலாளியும் வாய் திறக்கமாட்டார். தொழிலாளர் அரசாங்கக் காப்பீடு நம் மாகாணத்தில் முதன்முதலாக 1955-இல் கோயமுத்தூரில்தான் தொடங்கிற்று என்பதை இங்கே நினைவூட்டுகிறோம். முதலில் பெற்ற ஊர் முதலில் கேட்பதும் முறையே.

நான்காவது, பணம். சோதனைச் செலவையும், முளை அகப்பட்டால் அதை அறுக்கும் செலவையும், படுக்கையில் படுக்காவிட்டாலும் காப்பீடு ஏற்கவேண்டும். அமெரிக்கர் பல ஆண்டுகள் கழித்துத் திருத்திய பிழையை நாம் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம்.

ஆட்சேபங்களுக்குப் பதில்

ரத்தம் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மூலந்தானே இருக்கும், எல்லோரையும் சோதித்தால் ஆஸ்பத்திரி தாங்குமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. இளம் வயதினரில் பெரும்பாலோருக்கு மூலமே காரணம் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் எல்லோருக்கும் குழாய்ப் பரிசோதனை வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மலச்சோதனை ஒரு சல்லடை. அதற்குப் பத்தியம் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். வீட்டிலேயே சிறிது மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும். சல்லடையில் தங்கியவர்களும் தொந்தரவு நீடிப்பவர்களும் மட்டுமே மேலே போவார்கள். அவர்களுக்குப் போதிய கருவிகளும் பயின்ற டாக்டர்களும் ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரிகளில் இருக்கவேண்டும். கோபிசெட்டிபாளையத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வருகிறவர் மாதக்கணக்கில் காத்திருந்தால் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும். ஆதலால் மசோதாவோடு கூடவே வரவு செலவுத் திட்டத்தில் தொகையும் ஒதுக்கப்படவேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் நாம் திருப்தியடையமாட்டோம்.

சட்டம் வெட்கத்தைப் போக்குமா என்று மற்றொரு கேள்வி. போக்காது. அது நம் வேலை. காசநோயைப் பற்றியும் குஷ்டத்தைப் பற்றியும் பேச நாணிய காலம் ஒன்று இருந்தது. தேச ஊழியர்கள் சேரிக்கும் தெருவுக்கும் சென்று பேசிப் பேசியே அந்நாணம் குறைந்தது. மலத்தைப் பற்றிப் பேசுவதை இழிவாகக் கருதவேண்டாம் என்று மகாத்மாவே நமக்குக் கற்பித்திருக்கிறார். ஆசிரமத்தில் கக்கூஸ் சுத்தம் செய்வதை அவர் முதற்பாடமாக வைத்தார். அவர் பெயரைச் சொல்லும் நாம் நம் உடலில் போகும் ரத்தத்தை டாக்டரிடம் சொல்ல நாணலாமா?

நமது ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. குடியரசு தினத்திலும், மே தினத்திலும், சுதந்திர தினத்திலும், காந்தி ஜயந்தியன்றும் கிராம சபைகள் கூடுகின்றன. சாலைக்கும் குடிநீருக்கும் தீர்மானம் போடும் அச்சபைகளில் இதற்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். உங்கள் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரிடம் அதைக் கையில் கொடுத்து, அவர் என்ன செய்தார் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். தேவதாசி ஒழிப்புக்காகத் தனியொரு மாது சட்டசபையில் எழுப்பிய குரல் சட்டமாக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் அவ்வளவே ஆயிற்று. இன்று முப்பது வயதில் மருந்துக் கடை வாசலில் நிற்கும் வாலிபருக்கு இருபது ஆண்டு பொறுக்க முடியாது.

பிளேக் ஒழிந்துவிட்டது; அம்மன் கோயில் இருக்கிறது. அஞ்சிய மக்கள் அன்று கும்பிட்டார்கள், ஊரையும் மாற்றினார்கள், சட்டமும் செய்தார்கள். அவர்களுடைய பேரர்களாகிய நாம் அவ்வளவாவது செய்யவேண்டாமா? அரசாங்க ஆஸ்பத்திரியின் சீட்டு எழுதும் ஜன்னலில், உன் வயது என்ன என்று கேட்பதற்கு முன்னால், உனக்கு என்ன தொந்தரவு என்று கேட்கும் நாள் வரவேண்டும். அந்த ஒரு கேள்வியைச் சட்டமாக்கித் தருமாறு நம் சட்டசபையைக் கேட்டுக்கொள்கிறோம்.